சீதனமாய் வந்த கோட்டை

இசபெல் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் நான்கு மணி இருக்கும். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. வெளிப்படிக்கட்டில் பனி இறுகிக் கிடந்த காலம். எங்கள் ஆட்களே கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவார்கள். ஐம்பது வயது தாண்டிய அந்தப் பெண், இல்-பிசார் தீவிலிருந்து தானே கார் ஓட்டி வந்து, அந்தப் படிகளில் ஏறி, மூச்சு வாங்க நின்றார்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. ஈரச் சப்பாத்துகளுக்காக வாசலில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளில் நின்றபடியே கேட்டார்.

"மிஸ்டர் சிவா, அந்தப் பிரதி உங்களிடம் இருக்கிறதா?"

எந்தப் பிரதி என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அது என் கட்டிலுக்குக் கீழே சூட்கேசில், மனைவியின் சீதன உறுதிப் பத்திரத்துக்கு அடியில் இருந்தது. இசபெல் நின்ற இடத்திலிருந்து பத்து அடிகூட இல்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுமுன், ஒரு கோட்டையைப் பற்றி எழுத வேண்டும். ஸ்கொட்லாந்தில் கூரையில்லாமல் நிற்கிற கோட்டை. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றி அதன் சொந்தக்காரர்களைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும். வந்த வினையே அதுதான்.

ஒரு நல்ல வேலை

போன வாரம் இந்தப் பத்தியில், உணவகத்தில் கோப்பை கழுவிய கதையை எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏன் அண்ணை, உங்களுக்கு ஒரு நல்ல வேலையும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். கிடைத்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கோப்பையோடு நிறுத்தியிருந்தேன்.

ஊரில் நான் பதினான்கு வருடம், காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவன். உறுதி வாசிப்பது, பிரதி எடுப்பது, ரைப் அடிப்பது. செல்லரித்த தாள், மங்கிய மை, வெள்ளைக்காரன் காலத்துச் சுருட்டைக் கையெழுத்து எல்லாம் கண்ணுக்குப் பழக்கம். மொன்றியலில் இந்த வித்தை ஒன்றுக்கும் உதவாது என்றுதான் நினைத்திருந்தேன். அகதிகளுக்கு உதவுகிற ஒரு தேவாலயத்துப் பெண்மணிதான், பழைய கையெழுத்து வாசிக்க ஓர் ஆளை ஒரு பெரியவர் தேடுகிறார், தன் குடும்ப வரலாற்றை எழுதுகிறாராம் என்று சொன்னார்.

என் அறையில் கூட இருந்த குலம் அண்ணை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளைக்காரன்ர காணிப் பதிவுத் தோம்பை யாழ்ப்பாணத்தான் வாசிக்கப் போறானோ? போம் ஐசே, போம். சூடான இடத்திலை, கதிரையிலை இருக்கிற வேலை. ஆருக்குக் கிடைக்கும்?"

மெத்ரோ, பிறகு இரண்டு பஸ். தீவுக்குள் போகிற பஸ்ஸை நம்பினால் அரை நாள் போய்விடும் என்று, இசபெல் பாலத்தடியில் காரோடு நிற்பார். பெரியவரின் ஒரே மகள். ஆசிரியையாக இருந்தவர். தாய் இறந்ததும் வேலையை விட்டுவிட்டு, பதினேழு வருடமாகத் தகப்பனைப் பார்க்கிறார். கலியாணம் செய்யவில்லை. முதல் நாள் காரில் என் மகளின் பெயரைக் கேட்டு, "அபிராமி, அபிராமி" என்று சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். இந்த நாட்டில் அதுவரை ஒருவரும் அந்தப் பிரயாசைப்பட்டதில்லை.

கூரை போன கதை

பெரியவர் மிஸ்டர் கெராக். எண்பத்து நான்கு வயதிலும் முதுகு வளையாத மனிதர். வரவேற்பறையில் கணப்புக்கு மேலே டன்கெராக் கோட்டையின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. நான்கு சுவர், நடுவில் வானம், சுவரில் முளைத்த ஒரு மரம். அதன் கீழேயிருந்துதான் அவர் கதை சொல்வார்.

முதலாவது கெராக்கின் பெயர் ஹியூ. ஆற்று வெள்ளத்தில் அகப்பட்ட அரசனைத் தோளில் சுமந்து கரை சேர்த்தான். அரசன் மகிழ்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் நிலம் கொடுத்தான். ஹியூ ஐந்து மாடிக் கோபுரம் கட்டினான். சுவர் ஏழு அடி தடிப்பு. அன்று தொடக்கம் தகப்பனிலிருந்து மகனுக்கு, மகனிலிருந்து பேரனுக்கு. கடைசியில் ஆங்கிலப் படையின் பீரங்கி கூரையைப் பிளந்தது. கெராக்குகள் பணியவில்லை. அந்த வம்சத்தில் ஓர் இளைய மகன் கப்பலேறி மொன்றியலுக்கு வந்து, மிருகத் தோல் வாங்கி விற்றுப் பெரிய ஆளானான். இதுதான் அவர் எழுதுகிற புத்தகம்.

ஒரு தகரப் பெட்டி நிறையப் பத்திரங்களை என்னிடம் தந்தார். பெட்டி வேறு கதை சொன்னது.

ஹியூவுக்கு நிலம் கொடுத்தது அரசன் இல்லை, ஒரு மடம். வருடத்துக்கு நாற்பது பீப்பா உப்பு மீன் குத்தகை. மூன்றாம் வருடத்திலிருந்து ஹியூ மீன் கொடுக்கவில்லை. பாதிரிமார் அனுப்பிய முறைப்பாடுகளே ஒரு கட்டு இருந்தன. கோபுரம் எழும்பியது, குத்தகை கேட்டு ஆட்கள் வந்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள. பீரங்கி எதுவும் அந்தப் பக்கம் வரவும் இல்லை. பிந்திவந்த ஒரு கெராக், கூரையுள்ள கட்டடத்துக்கு வரி என்று கேள்விப்பட்டதும், தானே ஈயத் தகட்டையும் மரத்தையும் கழற்றி விற்றிருந்தார். மிச்சக் கல்லை அயலவர்கள் மாட்டுக் கொட்டில் கட்ட அள்ளிப்போனார்கள்.

இவற்றை நான் ரைப் அடித்துக் கொடுத்தால், பெரியவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "சுவாரசியம்" என்பார். கோபிக்க மாட்டார். புத்தகத்தில் சேர்க்கவும் மாட்டார். அவருக்கு உண்மையைத் தாங்கும் நெஞ்சு இருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஊர் வீட்டின் கூரை ஓடும் தீராந்தி மரமும் பங்கர் போடக் கழற்றப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது. அதுவும் இப்போது நான்கு சுவர், நடுவில் வானம். அதை ஒருவரும் ஓவியமாகத் தீட்டிக் கணப்புக்கு மேலே மாட்டப் போவதில்லை. சில நூறு வருடத்துக்கு முன்பு பாழாகியிருக்க வேண்டும், அல்லது வெள்ளைக்காரன் வீடாக இருக்க வேண்டும்.

மூன்று குவியல்

என்னை வேலைக்கு வைத்திருந்த நொத்தாரிசு ஐயா எந்தக் காணி உறுதியைத் திறந்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார். சொத்து வந்த வழி எது? தாய் தகப்பன் வழி வந்த முதுசமா, பெண்ணோடு வந்த சீதனமா, உழைத்து வாங்கிய தேடியதேட்டமா? யாழ்ப்பாணத்தில் எந்தச் சொத்தும் இந்த மூன்றுக்குள் அடங்கும். எனக்கு வேறு விதமாக வாசிக்கத் தெரியாது. டன்கெராக் பத்திரங்களையும் மேசையில் மூன்று குவியலாகப் பிரித்தேன்.

முதுசக் குவியல் முழங்கை உயரம் வந்தது. சீதனக் குவியலில் ஒரே ஒரு தாள்தான் சேர்ந்தது. ஒரு கலியாண ஒப்பந்தம்.

மூன்றாவது ஹியூவுக்கு ஆண்பிள்ளை மிஞ்சவில்லை. இரண்டு மகன்மாரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு மகள், மார்ஜொரி. கோட்டையும் காணியும் அவளுக்கு எழுதப்பட்டன. மாப்பிள்ளை பக்கத்து ஊர் உப்பு வியாபாரியின் மகன் வில்லியம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு அவன் கெராக் என்ற பெயரை எடுக்க வேண்டும். பெயரை விட்டால் கோட்டையையும் விட வேண்டும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் ஊர் உறுதி! மகளுக்கு வீடு, மாப்பிள்ளை வந்து சேருவார். என் சொந்த வீடும் அப்படித்தான். என் மனைவி தவத்தைக் கட்டி, அவளுடைய வீட்டுக்குப் போய், அவளுடைய வீட்டு விறாந்தையில் இருந்து பேப்பர் வாசித்தவன் நான். இதில் யாருக்கு என்ன குறை? பெரியவர் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். புத்தகத்துக்கு இதைவிட நல்ல அத்தியாயம் வாய்க்காது.

பழக்கதோஷத்தில் உடனே ஒரு மெய்ப்பிரதி எடுத்தேன். இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன். எடின்பரோவில் எந்தப் பதிவுப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கடைசி வரியில் இருந்ததையும் விடாமல் எழுதினேன். மூலப் பத்திரம் அங்கே இருக்கும். கேட்டு எழுதினால் யாருக்கும் பிரதி அனுப்புவார்கள்.

தேநீர் மேசையில்

அந்தச் சனிக்கிழமை ஒன்ராறியோவிலிருந்து ரொபேர்ட் வந்திருந்தார். பெரியவரின் தம்பி மகன். கெராக் என்ற பெயரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆண். தனக்குப் பிறகு வீடும் ஓவியமும் பெட்டியும் ரொபேர்ட்டுக்கே என்று பெரியவர் சொல்லிவைத்திருந்தார். அது எனக்கும் தெரியும். ஆனால் சீதன உறுதியைக் கண்ட உற்சாகத்தில் இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குப் புத்தி இருக்கவில்லை.

இசபெல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்பது போலத்தான் நின்றேன்.

"சேர், உங்கள் கோட்டை சீதனமாய் வந்த கோட்டை! நீங்கள் எல்லோரும் மார்ஜொரியின் பிள்ளைகள். வில்லியம் உங்கள் கோட்டைக்கு வந்த வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய தகப்பன் உப்பு விற்றவர்."

ஒருவரும் கை தட்டவில்லை. பெரியவர் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். ரொபேர்ட் மட்டும் வாய்விட்டுச் சிரித்து, "அப்படியென்றால் நாங்கள் உப்பு வியாபாரிகளா, பெரியப்பா?" என்றார்.

இசபெல் தேநீர்க் கேத்தலைக் கீழே வைக்க மறந்து நின்றார். "அப்பா, டன்கெராக் ஒருபோதும் ஒரு பெண் வழியாக வந்ததில்லை, அதனால் இந்த வீட்டையும் பெண்ணுக்குத் தரமுடியாது என்றுதானே எனக்குச் சொன்னீர்கள்?"

"வந்ததில்லைதான்," என்றார் பெரியவர். "மிஸ்டர் சிவா வெளிநாட்டவர். பிழையாக வாசித்திருக்கிறார்."

ரொபேர்ட் சிரிப்பை நிறுத்தினார். நல்ல மனிதர் அவர், அதை நான் சொல்லத்தான் வேண்டும். "பத்திரத்தைப் பார்ப்போம், பெரியப்பா. அது உண்மையென்றால் எனக்கு இந்த வீடு வேண்டாம். பதினேழு வருடம் இங்கே இருந்தவள் இசபெல்."

"நாளைக்கு," என்றார் பெரியவர். அடுத்த நாள் பெட்டியில் அந்தத் தாள் இல்லை.

இரண்டு கையெழுத்து

என் மனைவி தவமும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, அடையாள அட்டை. ஒருநாள் காலை இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மத்தியானம்வரை ஒரு மர வாங்கில் இருத்திவைத்திருந்தார்கள். பிள்ளை அங்கேயே சட்டையோடு சலம் போய்விட்டது என்று தவம் தொலைபேசியில் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை.

ஸ்பொன்சர் பத்திரங்களோடு வைக்க ஒரு முதலாளியின் கடிதம் வேண்டும் என்று படிவம் நிரப்பித் தருகிறவர் சொல்லியிருந்தார். "அந்த மாதிரிப் பெரிய ஆளின்ர கடிதம் எண்டால் கேள்வியே இல்லை. ஆனா தம்பி, அவங்கள் போன் எடுத்து அந்தாளிட்டைக் கேட்டாலும் கேப்பாங்கள். கவனம்." பெரியவரிடம் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது. தருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரம் காணாமற்போன மறுநாள் அவர் என்னைத் தன் படிப்பறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று எனக்கான கடிதம், கையெழுத்து இல்லாமல். மற்றது ரொபேர்ட்டுக்கு நான் எழுதுவதாக இருந்தது. பழைய கையெழுத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், அப்படி ஒரு நிபந்தனை எந்தப் பத்திரத்திலும் இல்லை, வருந்துகிறேன்.

"நீங்கள் பிழையாக வாசித்தீர்கள், இல்லையா மிஸ்டர் சிவா?"

பதினான்கு வருடத்தில் ஒரு கொமாவைக்கூடப் பிழையாகப் பிரதி பண்ணாதவன் நான். "ஓம் சேர்," என்றேன்.

"பிரதி ஏதும் எடுத்தீர்களா?"

"இல்லை சேர்."

நான் என்னுடையதில் கையெழுத்துப் போட்டேன். அவர் தன்னுடையதில் போட்டார். அவருடைய பேனாவைத்தான் இருவரும் பாவித்தோம். திரும்பிப் போகும்போது பாலத்தடிவரை இசபெல்தான் காரில் கொண்டுவந்து விட்டார்.

பத்து அடி

இனி வாசலில் நின்ற இசபெல்லிடம் வருகிறேன்.

"வியாழக்கிழமை நொத்தாரிசு வருகிறார்," என்றார். கியூபெக்கிலும் மரணசாசனத்தை நொத்தாரிசு முன்னால் எழுதுவது வழக்கம். "உங்கள் கடிதத்தைப் பார்த்தபிறகு ரொபேர்ட் அடங்கிவிட்டான். அப்பா சொன்னதுதான் சரி என்கிறான். நீங்கள் எதையும் பிரதி எடுக்காமல் விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை ரொபேர்ட்டிடம் காட்டினால் போதும், மிஸ்டர் சிவா. அவன் எடின்பரோவுக்கு எழுதிக் கேட்பான்."

என் கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. குடிவரவு அலுவலகத்திலிருந்து பெரியவருக்குத் தொலைபேசி வருவதை நினைத்தேன். "அவரா? அவர் என்னிடம் பொய் சொன்னவர்," என்று அவர் சொல்வது எனக்குக் காதில் கேட்டது. ஸ்டேஷன் வாங்கில் நனைந்த சட்டையோடு இருந்த பிள்ளையை நினைத்தேன்.

"இல்லை," என்றேன். "நான் பிழையாகத்தான் வாசித்தேன், மேடம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அபிராமி எப்போது வருகிறாள்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியாது."

"சீக்கிரம் வரட்டும்," என்றார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கிப் போனார். கூடப்போய்க் கைபிடித்து இறக்கிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குசினிக்குள் இருந்து குலம் அண்ணை வந்தார். "அந்தத் தாள் சூட்கேசுக்கை கிடக்குதல்லே?"

"கிடக்கு அண்ணை."

"பேந்து ஏன் இல்லையெண்டு சொன்னனீர்?"

"தவம் லொட்ஜிலை கிடக்கிறாள் அண்ணை. நான் என்ன செய்ய?"

அவர் நான் விட்ட வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

புத்தகம்

வியாழக்கிழமை நொத்தாரிசு வந்தார், மரணசாசனம் எழுதப்பட்டது. புத்தகமும் அச்சானது. முதலாம் பக்கத்திலேயே 'தந்தையிலிருந்து மகனுக்கு, ஒருபோதும் முறியாமல்' என்ற வரி இருந்தது. நான் ரைப் அடித்த வரி. நன்றியுரையில் என் பெயரையும் போட்டிருந்தார்கள், எழுத்துப் பிழையோடு.

அடுத்த இலையுதிர்காலத்தில் பெரியவர் இறந்துபோனார். வீடு ரொபேர்ட்டுக்குப் போனது. அவருக்கு ஒன்ராறியோவில் வேலை, குடும்பம். இல்-பிசார் வீட்டை விற்றார். ஓவியத்தை மட்டும் எடுத்துப் போனாராம். இசபெல் இப்போது வேறொரு வயோதிபப் பெண்ணின் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறார், சம்பளத்துக்கு, என்று தேவாலயத்துப் பெண்மணி சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும்.

குடிவரவு அலுவலகத்திலிருந்து பெரியவருக்குத் தொலைபேசி வந்ததாக நான் ஒருபோதும் அறியவில்லை. அந்தக் கடிதத்தை யாராவது வாசித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

தவமும் மகளும் மிரபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளை என்னை மாமா என்று கூப்பிட்டது. அந்தக் கதையை வேறொரு நாள் எழுதத் துணிவு வந்தால் எழுதுவேன்.

வந்து மூன்றாம் கிழமை. தவம் தன் சீதன உறுதியைத் தேடி, கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேசை இழுத்துத் திறந்தாள். உறுதிக்கு அடியில் இருந்ததையும் எடுத்து விரித்தாள். கொஞ்சம் ஆங்கிலம் வாசிப்பாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன? ஆற்றையோ ஒரு பொம்பிளையின்ரை சீதன உறுதி மாதிரிக் கிடக்கு. உங்கடை கையெழுத்து."

சொன்னேன். மார்ஜொரியில் தொடங்கி, வாசலில் விரித்திருந்த பத்திரிகைத் தாள்வரை ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எங்களுக்காகத்தானே செய்தீர்கள், வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அவள் சொல்வாள், அதோடு எனக்கு நித்திரை வரும் என்று நினைத்தேன்.

"இப்ப கொண்டுபோய்க் குடுத்தால்?" என்று கேட்டாள்.

"வீட்டை வித்துப்போட்டாங்கள், தவம்."

அவள் தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள். சூட்கேசுக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"குடுத்திருக்கலாம்," என்றாள். "நானும் பிள்ளையும் லொட்ஜிலை இன்னுமொரு வருஷம் இருந்திருப்பம்."